ஈ கூடியதற்கு இனிப்புக் கொடுத்தவன்

மூக்குக் கண்ணாடியை மூன்று முறை துடைத்துவிட்டு இவ்விழாவின் தலைமையை ஏற்றிருக்கும் எங்கள் ஊராட்சித் தலைவர் ஞானசம்பந்தம் அவர்களே! முன்வரிசையை முந்தி வந்து நிரப்பிய பெரியோர்களே! நான் என்ன உளறுவேன் என்று கேட்டு, நாளைக் காலை குழாயடியில் அலசுவதற்கென்றே வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! ஞாயிறுதோறும் பல்லடத்தில், உயிர்கள் பெருகுவதையும் அருகுவதையும் கணக்கில் வடிக்கும் வகுப்பு நடத்தி, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை தோற்ற என்னையும் மாணவனாகச் சேர்த்துக்கொண்ட பேராசிரியை மதுமதி அம்மிணி அவர்களே! அருள்புரம் பனியன் கம்பெனி லைன் சூப்பர்வைசர் முருகவேலின் முழுமனதான வணக்கம்!

என்ன, பின்னால்? "சுருக்கமாப் பேசுங்க" என்கிறீர்களா, நாச்சிமுத்து மாமா? ஐம்பது வயதில்தான் கைக்கு மைக் வந்திருக்கிறது, விட்டுவிடுவேனா?

மூன்று மாதம் முன்பு இந்த ஊர் எப்படி இருந்தது? இலையில் ஈ! இட்டலியில் ஈ! இமையில் ஈ! கிராமசபையில் தலைவர் முழங்கியபோது அவர் வாய்க்குள்ளேயே ஈ! டீக்கடையில் கிளாஸுக்கு மேல் காகிதம் மூடி, ஓரத்தைத் தூக்கி உறிஞ்சினோமே, மறந்துவிட்டதா?

எங்கிருந்து வந்தன? கணவர் போனபின் தங்கை செல்லாத்தாள் ஒற்றை ஆளாய்க் கட்டிக்காக்கும் ஐயாயிரம் கோழிப் பண்ணையிலிருந்து. பண்ணையை மூடச்சொல்லி நூற்று நாற்பது கையெழுத்தோடு கலெக்டருக்கு மனு தயாரானது. முதல் கையெழுத்து தலைவருடையது. தினமும் காலையில் அதே பண்ணை முட்டையில் யாருக்கு ஆம்லெட் வேகிறது என்று நான் சொல்ல மாட்டேன். சிரிக்கிறார் பாருங்கள்!

நான் சும்மா இருந்தேனா? ஒட்டு அட்டைகளை ஊரெங்கும் தொங்கவிட்டேன். எங்கள் கம்பெனி வழக்கப்படி மணிக்கு மணி புரொடக்‌ஷன் போர்டு எழுதினேன். ஒன்பது முதல் பத்து: நானூறு ஈ. பத்து முதல் பதினொன்று: ஐந்நூறு. டார்கெட் தாண்டிவிட்டது! ஒரே மாதத்தில் நாற்பதாயிரம்! கழுத்தில் மாலை விழும் என்று போர்டைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

அம்மிணி பார்த்தார். "செத்தது எத்தனைன்னு எழுதியிருக்கீங்ணா. இருக்கறது எத்தனைங்க? நாளைக்குப் பொறக்கறது எத்தனைங்க?"

போர்டைத் திருப்பிச் சுவரோரம் சாத்தினேன்.

அம்மிணி பலகையில் நான்கு பெட்டி வரைந்தார். முட்டை, புழு, கூட்டுப்புழு, ஈ. பெட்டிக்குப் பெட்டி ஓர் அம்பு. எத்தனை நாள் தங்கும், எத்தனை பிழைக்கும். எனக்குத் தெரிந்தது வேறு: கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங்! அடடா, நான் லாரி ஏறும் இடத்தில் நின்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்; உள்ளே கட்டிங் டேபிள் ஓடிக்கொண்டே இருக்கிறது! கூண்டுக்கடியில் ஈரமாய்க் கிடந்த எருதான் அந்த டேபிள். அது காய்ந்தால் புழு பிழைக்காது.

உடனே போட்டேன் ஒரு கணக்கு: எருவைக் காயவைத்தால் மூன்றாம் நாளே ஈ பூஜ்யம்!

"கட்டிங்க நிறுத்திப்போட்டீங்க, செரி. லைன்ல ஏற்கெனவே ஏத்துன பீஸெல்லாம் எங்கீங்ணா போச்சு?" என்றார் அம்மிணி.

இருபத்தெட்டு வருஷம் லைனில் நின்றவன் இதை மறந்தேன்! கூட்டுப்புழுவாய் இருப்பவை வெளியே வந்தே தீரும். திருத்திய கணக்கு சொன்னது: முதல் வாரம் ஈ கூடும். பிறகு சரியும். இருபத்தோராம் நாள், டீக்கடையில் தினமும் புதிதாய் மாற்றும் அட்டையில் முப்பத்தொரு ஈதான் ஒட்டும்.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். "ஏனுங்க முருகவேலு, ஈயக் கொறைக்கச் சொன்னா, கூடும்னு வந்து நிக்கறீங்க?" என்றார். ஊரே சிரித்தது. ஆனாலும் மூன்று வாரம் தவணை தந்தார். செல்லாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. "உங்க கணக்குத் தப்பிப் போச்சுன்னா எம்பட பண்ணைக்குப் பூட்டுங்ணா" என்றார். அன்றே ஒழுகிய குழாய்களை மாற்றினார், எருவைக் கிளறி உலர்த்தினார்.

முதல் நாள் அட்டையில் இருநூறு. மூன்றாம் நாள் இருநூற்று எழுபது. ஆறாம் நாள் முந்நூற்று இருபது! தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே டீக்கடை போட்டிருக்கும் சீனிச்சாமி அண்ணாச்சி, கிளாஸை என் மூக்கருகே நீட்டினார்.

"ஒம்ம கணக்கு எங் கடை டீயில மெதக்குது, பாரும் வே!"

என் தாளைப் பார்த்தேன். ஆறாம் நாள்: முந்நூற்றுப் பத்து. "கூடிருச்சு! சொன்னாப்டியே கூடிருச்சு!" என்று குதித்தேன். ஒரு கிலோ ஜிலேபி வாங்கிக் கடை முழுக்கக் கொடுத்தேன். ஈ கூடியதற்கு இனிப்புக் கொடுத்தவன் இந்த வட்டாரத்தில் வேறு எவனாவது உண்டா? பாதி ஜிலேபியை ஈக்களே தின்றன, அது வேறு கதை. என் வீட்டுக்காரி மந்திரிக்க ஆள் தேடினாள்.

எட்டாம் நாள் ஏற்றம் நின்றது. பத்தாம் நாள் இறங்கியது. பதினைந்தாம் நாள் நூற்றைந்து. இருபத்தோராம் நாள், மனுவைக் கக்கத்தில் இடுக்கியபடி தலைவரே அட்டையை எண்ணினார். செல்லாத்தாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பத்தேழு! என் கணக்கு முப்பத்தொன்று. தலைவர் எண்ணியது முப்பத்தேழு!

ஆயிரம் ஈயை அடிக்கலாம். நாளை வரும் ஈயை இன்றே எழுதிவைக்க முடியுமா? முடிந்தது! நம் ஊரில் முடிந்தது! கணக்கில் தோற்றவன் கையால் முடிந்தது!

"அந்த ஆறு ஈ எங்கிருந்துங்ணா?" என்றார், எண்ணிக்கை பார்க்க வந்திருந்த அம்மிணி, விடாமல்.

"பக்கத்தூர் விருந்தாளியா இருக்குமுங்க."

"அப்ப விருந்தாளிக்கும் ஒரு அம்பு போடுங்க."

தாள் தேடினேன். தலைவர் மனுவைத் திருப்பி நீட்டினார்: "இதும் பொறகால எழுதுங்க." அந்த நூற்று நாற்பது கையெழுத்தின் முதுகில்தான் ஐயா, எரு மறுபடி ஈரமாகும் மழைக்காலத்துக்கான கணக்கை வரைந்திருக்கிறோம்!

பேச விட்டவர்களுக்கும் பொறுத்தவர்களுக்கும் நன்றி. வெளியே அண்ணாச்சி முந்நூறு கிளாஸ் டீ ஊற்றி வரிசையாய் வைத்திருக்கிறார். ஒன்றின் மேலும் காகிதம் மூடவில்லை. போய்க் குடியுங்கள். வணக்கம்!