மனைவிக்குக் கொடுத்த ரத்தம்

“அவ எனக்கு இன்னமும் பொஞ்சாதிதானாண்ணே?”

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டுக்காரர் தன் அண்ணனிடம் கேட்டார். அவர் முழங்கை மடிப்பில் ஆஸ்பத்திரிப் பஞ்சு ஒட்டியிருந்தது.

“ஏலே, பிரசவத்துல சாகக் கெடந்தவளை ரத்தம் குடுத்துக் காப்பாத்திட்டு, என்ன பேச்சு இது?”

“கூடப் பொறக்காட்டியும், ஒரே தாய்கிட்ட பால் குடிச்சவங்களுக்கே நிக்காஹ் கூடாது. இப்ப அவ உடம்புல ஓடுறது என் ரத்தம்ண்ணே.”

அண்ணன் முகம் மாறியது. “எறங்குனதும் பள்ளிவாசல் ஹஸ்ரத்துகிட்ட பத்வா கேட்டு, மார்க்கத் தீர்ப்பைத் தெரிஞ்சுக்குவோம்.”

“கூடாதுன்னு சொல்லிட்டா?”

“கட்டுப்பட்டுத்தான் ஆகணும்.”

“கேக்காம இருந்தா?”

“சந்தேகத்தோட எப்புடிடா குடும்பம் நடத்துவ?”

பஸ் நின்றது. “பள்ளிவாசல் டிக்கெட் யாரு? எறங்குங்க!” என்று கண்டக்டர் கத்தினார்.

தம்பி டிக்கெட்டை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். அண்ணனும் எழுந்திருக்கவில்லை.