சீல் உடைக்காத டப்பா

— அதை மட்டும் வுட்டுடும்மா பிரியங்கா. மீதி எதை வேணா எடுத்துகினு போ.

— எப்படி பாய் வுட முடியும்? அந்தச் சின்ன சைஸ் போனை வாங்கினு வரத்தானே கம்பெனி என்னை அனுப்பிச்சிருக்கு? விக்காத பீஸெல்லாம் திரும்பி வரணும்னு ஆர்டர்.

— அர்ரே, இது யாருக்கும் வேணாம்னு யாரு சொன்னது?

— சிஸ்டம் சொல்லுது. வாங்கினவங்க டப்பா சீலை ஒடைச்சி, சிம் போட்டு ஆன் பண்ணாத்தான் எங்களுக்கு அது வித்த கணக்கு. உங்க குலாம் ரசூல் மொபைல்ஸ்ல இது தை மாசத்துல இருந்து தூங்குது.

— தூங்கட்டுமே. உனக்கு இன்னா, குறட்டை சத்தம் கேக்குதா?

— வெளையாடாதீங்க பாய். சின்ன போனை யாரு கேக்கறாங்க? கையில குடுத்தா அழகா கீதுன்னு கொஞ்சுவாங்க. வாங்கும்போது பெருசைத்தான் தூக்கினு போவாங்க. பெருசுலதான் சார்ஜ் நிக்கும், படம் பாக்கலாம், கம்பெனிக்கும் லாபம். எந்த ஊர்ல எது ஆன் ஆச்சின்னு பாத்துதான், எதைச் செய்யறது எதை நிறுத்தறதுன்னு மேல முடிவு பண்றாங்க. நம்ம மாதிரி ஊருங்கள்ல இது அசையவே இல்ல. மாடலையே மூடிட்டாங்க.

— மூடிட்டாங்களா? இனிமே வராதா?

— வராது.

— அப்ப இது போச்சின்னா பெருமாளுக்கு வேற கெடைக்காதும்மா.

— யாரு அவரு?

— அம்மையார்குப்பத்துல தறி ஓட்டினவரு. வாதம் வந்து வலது கையும் பேச்சும் போயிடுச்சி. பேச்சில்லாத மனுசனுக்கு பட்டன் போன் எதுக்கு ஆவும்? பொண்ணு மெட்ராஸ்ல வேலை செய்யுது. சாயங்காலமானா வீடியோவுல அது மூஞ்சியைப் பாத்து தலையாட்டணும். அவ்ளோதான் அவருக்கு. படுத்துகினே ஒத்தக் கையில பெரிய போனைப் புடிச்சி, நழுவி வாய் மேல வுழுந்து உதடே கிழிஞ்சி போச்சி. இதோட டெமோ பீஸை அவரு இடது கையில வெச்சிப் பாத்தேன். உள்ளங்கையில அப்படியே குந்திகிச்சி.

— அப்ப அன்னிக்கே குடுத்திருக்கலாமே?

— எடுத்துகினு போங்க, அப்புறம் பாத்துக்கலாம்னுதான் சொன்னேன். அவரு வூட்டம்மா மணியம்மை கேக்கல. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துகினு வருவோம் பாய், அதுக்குள்ள கூலியும் சேந்துடும்னாங்க. டப்பாவை சீல் ஒடைக்காம மலை மேல கொண்டுபோய் முருகன் கால்ல வெச்சிட்டு, அப்புறம் அவரு கையாலயே தொறக்கணும்னு வேண்டிகினாங்க. நானும் அஞ்சு வேளை தொழுறவன். இன்னொருத்தர் வேண்டுதல்ல கை வைக்கலாமா?

— இதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா பாய்?

— மாசா மாசம் போன்ல, வித்துச்சா விக்கலியான்னு மட்டுந்தானே கேட்ட? விக்கலன்னேன். பொய் சொல்ல முடியுமா?

— சரி, உள்ள வைங்க. ஒருத்தருக்குன்னு சொல்லி வெச்சது, தர மாட்டேன்னுட்டாருன்னு எழுதிக்கிறேன். திட்டினா திட்டட்டும்.

— நீ நல்லா இருக்கணும்மா. குந்து, டீ சொல்றேன். ஏம்மா, மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சி?

— காலையில ஆர்.கே.பேட்டை, கனகம்மாசத்திரம் போயிட்டுதான் வரேன் பாய். அங்கேயும் இந்த போன் ஷோகேஸ்ல இல்ல. கடைக்காரங்க மேசை டிராயருக்குள்ள இருந்துதான் எடுத்தாங்க. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமேன்னு இழுத்தாங்க.

— ஏன்னு கேட்டியா?

— கேக்கல. தள்ளுபடிக்கு அடி போடறாங்கன்னு நெனச்சேன்.

— அதனால இன்னா? பஸ் கீது. கொண்டுபோய் திருப்பிக் குடுத்துட்டு வா.

— மத்தியானமே கம்பெனி வண்டியில ஏத்தி அனுப்பிட்டேன் பாய். ஒரு டப்பா மேல பேனாவால கெங்கம்மாள்னு எழுதியிருந்துச்சி. எழுத்து இருந்தா கம்பெனி எடுத்துக்காதுன்னு, நான்தான் குந்திகினு தேச்சி தேச்சி அழிச்சேன்.