பஞ்சு சுற்றிய தடி

ஹலோ… அண்ணா, நான்தான். ஆஸ்பத்திரியிலிருந்து பேசறேன்… ஆமா… ஆமா, மேடையில அடிபட்ட மீசைக்காரர் இன்னும் உள்ளதான் இருக்காரு. புருவத்துல தையல் போட்டுட்டாங்க. கண்ணைப் பத்தி டாக்டர் இன்னும் ஒண்ணும் சொல்லல… அக்கா வந்துட்டாங்க. எந்த அக்காவா, அவரோட சம்சாரம்தான்… இல்ல, அழல. நிஜத்துல மீசையே இல்லாத மனுஷன், நாடகத்துக்கு ஒட்டின மீசையை நர்ஸ் எடுத்துக் கொடுத்தாங்க. அதைக் கையில வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்காங்க.

… இரு, சொல்றேன். நான் பாத்தது சரிதானான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. நான் ஜன்னல் செட்டுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தேன். வேலைக்காரி வேஷத்துக்குப் போட்ட தொப்பி வேற கண்ணை மறைக்குது. மேடை ஓரத்துல வெளிச்சமும் இல்ல… ஆமா… ஆமா, அதான் சந்தேகம்னு சொல்றேனே.

… டைரக்டரா? நாடகச் சாமான் பாத்துக்கிற பெட்டிக்காரர்தான் தடியை மாத்தி வெச்சிட்டார்ங்கறாரு. நீதானே அப்படிச் சொல்லிட்டுப் போன?… நீ ஊன்றி நடக்கறதுக்கு மரத்தடி, மீசைக்காரரை அடிக்கிற காட்சிக்குப் பஞ்சு சுத்தின தடி. ரெண்டையும் தனித்தனியா துணி போட்டு மூடி வைக்கிற ஆளு அவரு. சாமான் பெட்டிச் சாவியைப் பிடுங்கிட்டாங்க. வாசல்லயே நிக்கிறாரு, உள்ள வரப் பயந்துக்கிட்டு… சும்மா எப்படி விடுவாங்க? வேலை போயிரும் அவருக்கு.

…

ம். கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.

… ‘நான் வேஷம் போட்ட கெட்டவன் எனக்குள்ள புகுந்துட்டான்’னா என்ன அர்த்தம்?… அண்ணா, அந்தப் பழைய குறுநாவலை நாடகமா எழுதினவ நான். நீ உன் வசனத்தை மட்டும் படிச்ச. அதுல மருந்தைக் குடிக்கிறது யாரு? கெட்டவனா? அவன் அப்ப பொறக்கவே இல்லையே. ஊரே மதிக்கிற டாக்டரு, தானே கலக்கித் தானே எடுத்துக் குடிக்கிறாரு. குடிச்சா அந்தக் கெட்டவனா மாறிடுவோம்னு தெரிஞ்சப்புறமும் குடிக்கிறாரு… இல்ல, பாடம் நடத்தல. சரி, விடு.

… ஆமா. காலையில ஒத்திகையில நீ வசனம் மறந்து நின்னப்ப, மீசைக்காரர் ‘தம்பிக்கு பேட்டரி தீந்துருச்சு’ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். அதுக்கு?

… இப்ப நான் என்ன சொல்லணும்ங்கற?… இருட்டுல தடி மாறிப் போச்சு. அவ்வளவுதானா?… அம்மாவை எதுக்கு இதுல இழுக்கற… சரி. சரி, கேளு. நிஜமாவே மாறியிருந்தா சொல்றேன். எனக்கும் அதுதான் வேணும். ஆனா நீ பஞ்சுத் தடியைத்தான் மொதல்ல எடுத்த மாதிரி இருக்கு. எடுத்து, கையில வெச்சுப் பாத்துட்டு, திரும்பக் கீழ வெச்ச மாதிரி… இல்லைன்னு சொல்லு. கண்ணை மூடிக்கிட்டு நம்பறேன்.

…

அண்ணா?

… என்ன சொன்ன?

… தோள்லதான் அடிக்க நெனச்சியா.

… நீ சொன்னதைத்தான் திருப்பிச் சொல்றேன். மூஞ்சியில படும்னு நெனைக்கல. தோள்ல படணும்னு நெனச்சிருக்க… கத்தாத. பக்கத்துல ஆளுங்க இருக்காங்க போல. அது என்ன சத்தம்? பஸ் ஸ்டாண்டா?

… எந்த ஊருக்கு?… எனக்கும்தான் பயமா இருக்கு. நீ இங்க வா. அந்த அக்காகிட்ட நீயே சொல்லு, நான் பக்கத்துல நிக்கிறேன். போலீஸ் ஸ்டேஷனுக்கும் கூட வர்றேன். வக்கீல் பாக்கறேன், வேளாவேளைக்குச் சோறு கொண்டு வர்றேன், எது வேணாலும் பண்றேன். பொய் மட்டும் என்னால…

ஏறாத. அண்ணா, ஏறாத… டைரக்டர் இந்தப் பக்கம்தான் வர்றாரு. வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நீ வர்ற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்…

ஹலோ… ஹலோ…

இல்ல சார், கட் ஆயிருச்சு… எங்க அண்ணன்தான். பஸ் ஏறிட்டான்… பெட்டிக்காரரை உள்ள கூப்பிடுங்க சார். அவர் ரெண்டு தடியையும் வைக்க வேண்டிய இடத்துல சரியாத்தான் வெச்சிருந்தாரு. நான் பாத்தேன்.