பனியில் கறுத்த முகம்

— அப்ப ரெண்டு வீடியோக் கமராவில எதைத்தான் வாங்கப்போறாய், வின்சன்ட்? உரக்கச் சொல்லு. இந்தக் கொமினிகேசன் கடைப் போனில லைன் ஒரே இரைச்சல்.

— மலிவானதைத்தான், அக்கா. பிள்ளையள் பனியில சறுக்கிறதைப் பிடிக்கத்தானே. பழகிறவனுக்கு இது காணுமெண்டு கடைக்காரன் சொல்றான். ஒரு கையில பிடிக்கலாம். குளிருக்குப் பற்றரி கெதியா இறங்குமாம். இன்னொண்டைச் சட்டைக்குள்ள சூடா வைச்சிருந்து மாத்தினால் சரி.

— தூரத்தில நிக்கிற ஆளைக் கிட்டக் கொண்டருமோ?

— கொஞ்சம் கொண்டரும்.

— கொஞ்சம் காணாதடா. விலை கூடினது?

— அது நல்லாக் கொண்டரும். முகத்தை வெளிச்சமாக்க ஒரு பட்டனும் கிடக்கு. வெள்ளைப் பனிக்கு முன்னால ஆர் நிண்டாலும் முகம் கறுத்துத்தான் விழும். ஆனா சுவிஸில நான் கோப்பை கழுவுறவன், அக்கா. அந்த விலைக்கு எங்க போறது?

— அதைத்தான் நீ வாங்கவேணும். போன வருசம் அனுப்பின படத்தில அவற்ற முகம் ஒரே கறுப்பு.

— அது அத்தான் இல்லையெண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்?

— கம்பியில தொங்கிற கதிரைக்குப் பக்கத்தில, நீலச் சட்டை. இடப்பக்கத் தோள் இறங்கின ஆள். எங்கட துறைமுகத்தில மூட்டை தூக்கி இறங்கின தோளடா அது. என்ர மனுசன்ர தோள் எனக்குத் தெரியாதோ?

— குளிருக்கு இங்க எல்லாரும் குறண்டிக்கொண்டுதான் நிப்பினம்.

— பக்கத்து வீட்டுப் பரீதாவின்ர வீடியோ டெக்கில நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்து, அந்த இடத்தில ரேப் தேய்ஞ்சுபோச்சு. நீ பனியில சறுக்கி விழுறாய். உன்ர பெட்டை சிரிக்குது. பிறகு வெறும் கோடு. பயமாக் கிடக்கு, தம்பி. பாத்துப் பாத்தே அவரை நான் அழிச்சுப்போட்டன்.

— அழாதேங்கோ, அக்கா.

— தங்கச்சி, பின்னால ஆக்கள் நிக்கிறாங்க. ஊரடங்குக்கு முந்திக் கடையப் பூட்டணும்.

— ஜமால்தீன் நானா, ரெண்டே நிமிசம். என்ர மனுசன் பேணாட்டின்ர விசயம்.

— பேணாட்ட விசயமா? அப்ப கதைங்க, கதைங்க. நான் அவங்களச் சமாளிக்கிறன்.

— கேள், வின்சன்ட். மாமி அவரைச் செத்தவராக்கி ஆத்துமப் பூசை குடுக்கப்போறா. தொண்ணூறில வேலைக்கெண்டு போய்க் காணாமப்போன மனுசன், எட்டு வருசம் பாத்தது காணுமாம். முன் வாங்கில நான் இருக்கவேணுமாம். ஒரு மாசம் மறிச்சு வைச்சிருக்கிறன். அதுக்குள்ள எனக்கு அந்த முகம் வேணும்.

— பூசை குடுக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ.

— எதை வைச்சுச் சொல்ல? ரேப்பில விழுந்த கோட்டைக் காட்டியோ? உன்னட்டக் காசு காணாட்டி நான் அனுப்புறன். கொடியை விக்கிறன்.

— தாலிக்கொடியையோ? விசரோ உங்களுக்கு?

— கட்டினவரைக் காணத்தானே விக்கிறன்.

— வேண்டாம், அக்கா. சொன்னாக் கேளுங்கோ.

— அப்ப போனமுறை கமரா இரவல் தந்த கூட்டாளியைக் கேள். இந்தமுறையும் அவரே வந்து பிடிக்கட்டும். நீ விழுந்து பிரளேக்கையும் அந்தாளின்ர கை ஆடேல்லை.

— அவரிட்ட இனிக் கேக்கேலாது.

— ஏன்?

— படத்தைத் திருமலைக்கு உங்களுக்கு அனுப்பினதெண்டு தெரிஞ்ச நாளிலயிருந்து என்னோட கதைக்கிறேல்லை.

— இங்க அனுப்பினா அவருக்கென்ன?

— அவருக்கு இங்க பெண்சாதி, பிள்ளை எண்டு ஒரு குடும்பம் இருக்கு. ஊர் ஆக்களுக்குத் தெரியக்கூடாதெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர்.

— ஆரடா அது? எங்கட ஊர் ஆளோ? வின்சன்ட், ஏன் அழுறாய்?

— கொடியை விக்காதேங்கோ. பூசையும் வேண்டாம். நீலச் சட்டை ஆரோ ஒரு வெள்ளைக்காரன், அக்கா. என்னைப் படம் பிடிச்சுக்கொண்டு நிண்டவர்தான் பேணாட் அத்தான்.