உள்ளே இருப்பவன் சொல்லும் சொல்

ஐயா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நாற்காலிக்குப் பின்னால், அந்தக் குழாய் சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஈரம் இருக்கிறது. பெயின்ட் உப்பியிருக்கிறது பாருங்கள். யாரோ அதன்மேலேயே இன்னொரு கோட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். புண்ணுக்குப் புனுகு தடவின கதைதான். நான் குறை சொல்லவில்லை, கண்ணில் பட்டது, சொன்னேன். தொழில்புத்தி லேசில் போகாது.

பேஸ்மென்ட் சுவரில் ஒழுக்கு அடைப்பது என் வேலை. அதிலும் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு போகிற இடம்தான் எங்களுக்குச் சோறு போடுகிற இடம். சுவரில் ஓட்டை போடுவார்கள், குழாயை நுழைப்பார்கள், சுற்றியிருக்கிற சந்தில் சாந்தை அப்பிவிட்டுப் போய்விடுவார்கள். குழாய் வெயிலுக்கு நீளும், குளிருக்குச் சுருங்கும். சாந்து பிடிவாதக்காரன், அசையமாட்டான். கடைசியில் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாமல் நடுவில் ஒரு விரிசல் விடும். வெளியே மண்ணில் நிற்கிற தண்ணீருக்கு அது போதும்.

இதை உள்ளேயிருந்து மட்டும் அடைத்தால் நிற்காது. வெளியே சுவரை ஒட்டிக் குழி தோண்டிக் குழாயைக் கண்ணில் பார்க்க வேண்டும். ஒருவன் குழியில், ஒருவன் பேஸ்மென்டில். நடுவில் சுவர். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, அதனால் பேச்சும் குறைவு. ஊத்து, வருது, நிறுத்து. இந்த மூன்று வார்த்தையில் முழு நாளையும் ஓட்டிவிடுவோம். நான் எப்போதும் உள்ளே. என் மாப்பிள்ளை, அதாவது என் தங்கை புருஷன், எப்போதும் வெளியே. ஆள் நெட்டை, குழிக்கு ஏற்றவன்.

தங்கையை நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் என்றால் நான்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் பள்ளிக்கூடமே போக ஆரம்பிக்கவில்லை. சின்ன வயதில் அவளுக்கு இழுப்பு உண்டு. மூச்சு விட முடியாமல் திணறும்போது என் மார்பில் சாய்த்து வைத்துக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருப்பேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் பெண் கொடுக்கவில்லை என்றும் சொல்வார்கள், சொல்லட்டும்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். கூட வேலை செய்கிறவன், நல்ல பையன், அவனுக்கும் தங்க இடம் கிடையாது. எங்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்று பேச்சு. வேலைக்கும் ஆள், வீட்டுக்கும் ஆள், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அவனைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவன் இருக்கிற இடத்தில் பாப்பா சிரித்துக்கொண்டே இருப்பாள். அடுத்த அறையில் படுத்திருக்கும்போது எனக்கு அந்தச் சிரிப்பு கேட்கும்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன்தான் ஆரம்பித்தான்.

"மச்சான், எங்க அண்ணன் கூப்பிடறாரு. கடலோரத்துல வேலையாம். தொட்டி கட்டற வேலை, வீடும் அவங்களே தர்றாங்க. பாப்பாவும் சரின்னுட்டா."

"கடலோரம்னா ஈரக் காத்தாச்சே மாப்ளே," என்றேன். "அவளுக்கு இழுப்பு இருக்கு."

பாப்பா சிரித்தாள். "எனக்கு இழுப்பு நின்னு எத்தனை வருசம் ஆச்சுண்ணே. நீதான் இன்னும் அதை விடமாட்டேங்கற."

"நீங்களும் வந்துருங்களேன் மச்சான்," என்றான் அவன். நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் அவன் சொன்னதும் பாப்பா சட்டென்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். நான் அதைக் கவனித்தேன். கோபமெல்லாம் வரவில்லை. தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அந்த வாரமே தையல்கடைக்காரர் கூப்பிட்டார். அவர் கடைக்கு அடியில் பேஸ்மென்ட், அதில் துணிக்கட்டுகள். மழை பெய்தால் குழாய் நுழைகிற இடத்தில் தண்ணீர் கொட்டுகிறது என்றார். வெளியே ஆள் மூழ்குகிற ஆழத்துக்குக் குழி வெட்டினோம். மழையில் ஊறிய மண், பொலபொலவென்று இருந்தது. ஒரு பக்கம் பலகை வைத்து முட்டுக் கொடுத்தோம். மறுபக்கத்துக்குப் பலகை போதவில்லை. வீட்டுக்குப் போய் எடுத்து வரலாம் என்று நான் சொன்னேன். "விடுங்க மச்சான், குந்தி எந்திரிக்கிற வேலை," என்று அவன்தான் இறங்கினான். இது தையல்கடைக்காரருக்கும் தெரியும்.

நான் உள்ளே போய், குழாயைச் சுற்றியிருந்த பழைய சாந்தை உளியால் கொத்தி எடுத்தேன். முழுசும் உதிர்ந்ததும் அந்தப் பக்கத்து வெளிச்சமே தெரிந்தது. குனிந்து பார்த்தால் மாப்பிள்ளையின் கண். "என்ன மச்சான், டிக்கெட் எடுக்காமலே படம் பாக்கறீங்க," என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கீழே உட்கார்ந்து சிமென்டைக் குழைத்தேன். சீக்கிரம் இறுகுகிற சிமென்ட் அது. குழைத்த கையோடு அப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் கிண்ணத்திலேயே கல்லாகிவிடும்.

அப்போது சந்தில் தெரிந்த வெளிச்சம் போயிற்று. மெத்தைமேல் மூட்டையைப் போட்ட மாதிரி ஒரு சத்தம். அதன்பிறகு "வருது" என்று அவன் குரல் கேட்டது. தண்ணீர் வருகிறது என்கிறான் என்று நினைத்துச் சந்தை அடைத்தேன். வேலை முடித்து மேலே போய்ப் பார்த்தால் குழி பாதி மூடிக்கிடந்தது. கத்தினேன், எல்லோரும் ஓடி வந்தார்கள், கையாலேயே தோண்டினோம். என் நகங்கள் பிய்ந்து ரத்தம் வந்ததை உங்கள் ஆட்களே பார்த்தார்கள். விபத்து என்று எழுதினார்கள். அன்றைக்கு நான் சொன்னதும் இவ்வளவுதான், அவர்கள் கேட்டதும் இவ்வளவுதான்.

பாப்பா எங்கும் போகவில்லை. கட்டி வைத்திருந்த பாத்திரங்களை நானே பிரித்துப் பழைய இடத்தில் அடுக்கினேன். காலையில் வெந்நீர் வைத்துக் கொடுப்பேன், சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுவேன். பேச்சு குறைந்துவிட்டது, அதனால் என்ன. வீடு அமைதியாக இருந்தது. பழையபடி ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

வேலையில்தான் தொந்தரவு. எந்த வீட்டு பேஸ்மென்டில் போய்க் குழாயைச் சுற்றிக் கொத்தினாலும், குனிந்தால் முகத்தில் மூச்சு படுகிறது. காற்று என்று சொல்லிவிடலாம். ஆனால் மண்ணுக்குள்ளிருந்து வருகிற காற்று சில்லென்று இருக்கும் ஐயா. இது வெதுவெதுப்பாக இருந்தது. வெங்காயம் தின்ற வாய் மாதிரி லேசாக வாடைகூட இருந்தது. அன்றைக்கு மத்தியானம் அவன் வெங்காயம் கடித்துக்கொண்டு சாப்பிட்டான். பயந்துபோனேன், மறைக்க என்ன இருக்கிறது. அதற்கப்புறம் கொத்துவதற்கு முன்னாலேயே சந்தில் துணியைத் திணிக்க ஆரம்பித்தேன். புதிதாகச் சேர்ந்த ஆள் சிரித்தான், "சளி பிடிச்சிருக்கா சுவத்துக்கு" என்று.

தையல்கடைக்குத் திரும்பத் திரும்பப் போனேன். அவர் கூப்பிடவில்லை, நானாகத்தான். சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "சுவரு சருகாட்டம் காஞ்சு கெடக்கு, அதைத் தடவி என்னத்தைய்யா பாக்கறீங்க," என்று அவர் அலுத்துக்கொண்டார். உண்மைதான், சுவர் காய்ந்துதான் இருந்தது. ஆனால் கையை எடுத்தால் என் உள்ளங்கை நனைந்திருக்கும். சொட்டுகிற அளவுக்கு. அவரிடம் காட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் துடைத்துக்கொள்ளத் துண்டுத்துணி கொடுத்தார்.

பிறகு வீட்டிலேயே கேட்க ஆரம்பித்தது. பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கீழே குழாய் போகிற ஓட்டையில் அவன் குரல், அதே ஒரு வார்த்தை. நான் ஓட்டையைச் சுற்றிச் சாக்கைக் கிழித்து அடைத்துக்கொண்டிருந்தபோது பாப்பா வந்து நின்றாள்.

"என்னண்ணே செய்யறே?"

"சத்தம் வருது பாப்பா."

"என்ன சத்தம்?"

யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. பாப்பாவை விட்டால் எனக்கு யார். "மாப்ளே கடைசியா சொன்ன வார்த்தை," என்றேன். "'வருது'ன்னு சொன்னான். தண்ணி வருதுங்கறான்னு நெனச்சு நான் அடைச்சுட்டேன்."

அவள் குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "வெளிய நிக்கறவரு எதுக்குண்ணே 'வருது'ன்னு சொல்லணும்? அது உள்ள இருக்கறவன் சொல்ற வார்த்தையாச்சே."

நான் சாக்கை இன்னும் உள்ளே தள்ளித் திணித்தேன்.

"அவரு ராத்திரி சாப்பிடறப்ப உன்ன மாதிரியே பேசிக் காட்டுவாரு. 'நான் பாட்டுக்குக் குழியில நின்னு ஊத்திக்கிட்டே இருப்பேன், உள்ளேருந்து மச்சான் வருது வருதும்பாரு, என்னமோ பொண்ணு மாப்ள ஊர்வலம் வர்ற மாதிரி'ன்னு. நான் சிரிச்சு சிரிச்சுப் புரையேறிப் போவேன். வெளிய இருக்கறவன் ஊத்துவான். தண்ணி வருதான்னு பாத்துச் சொல்றவன் நீதானேண்ணே. அவருக்கு எதுண்ணே வந்துச்சு?"

உங்கள் ஆட்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி ஐயா. அவர்கள் மேல் தப்பில்லை, இது எங்கள் தொழில் பேச்சு. வெளியே இருப்பவனுக்கு ஊத்து என்று சொல்லவும் வேலையில்லை, வருது என்று சொல்லவும் வேலையில்லை. அவனுக்கு வந்தது மண். முதல் சரிவில் தோள்வரை மூடிவிட்டது. அவன் குந்தியிருந்ததால் முகம் சரியாகக் குழாய்க்கு நேராக இருந்தது. மேலேயிருந்து இன்னும் சரியப்போவதை அவன் பார்த்திருக்கிறான், அதைத்தான் எனக்குச் சொன்னான். எனக்கு அது கேட்ட உடனேயே புரிந்துவிட்டது. அடுத்த சரிவில் தலையும் மூடிவிட்டது, குழாயைச் சுற்றியிருந்த சந்து ஒன்றுதான் அவனுக்கு மூச்சு.

பாப்பாவிடம் எதையும் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. சொல்லிவிட்டேன்.

"மச்சான், இருக்கீங்களா?" என்று கேட்டான். சத்தமாகக்கூட இல்லை, மார்பு அமுங்கியவனால் எப்படிக் கத்த முடியும். மேலே தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, வேறு யாருக்கும் கேட்டிருக்காது. "இருக்கேன் மாப்ளே," என்றேன். "கை வேலையா இருக்கேன்." அது பொய் இல்லை. சிமென்ட் குழைத்தாயிற்று, கையில் இருக்கிறது, இறுக ஆரம்பித்துவிட்டது. படியேறி ஓடினால் கூப்பிடு தூரத்தில் ஆட்கள். அதையும் யோசித்தேன். பாப்பா தட்டைப் பார்த்துக் குனிந்ததையும் யோசித்தேன்.

பிறகு அப்பினேன். கீழேயிருந்து ஆரம்பித்து, குழாயைச் சுற்றி இரண்டு பக்கமும் ஏற்றி, கடைசியில் மேலே. அப்படித்தான் அப்ப வேண்டும். அந்தக் கடைசிச் சந்தில்தான் அவன் மூச்சு என் விரலில் பட்டுக்கொண்டிருந்தது. அதையும் மூடி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். இந்தச் சிமென்ட் இறுகும்போது சூடாகும். சூடு வருகிற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது என்பது தொழிலில் முதல் பாடம். குழாயில் டொக் டொக் என்று தட்டினான். என் கைக்குள் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றது, சிமென்டும் சூடாகியது. கையை எடுத்துப் பார்த்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை நான் அதற்கு முன்னால் செய்ததில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பாப்பா அழவில்லை. அதில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அண்ணனை அவளுக்குப் புரியாமல் போகுமா. தரையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், "எங்கிட்ட சொன்னத அப்படியே அவங்ககிட்ட போய்ச் சொல்லுண்ணே. நானும் கூட வர்றேன். வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கேன். நீ சொல்லி முடிச்சதும் உள்ள வந்து பாக்கறேன்."

அதனால்தான் வந்தேன் ஐயா. இல்லாவிட்டால் நீங்களாகக் கண்டுபிடித்திருக்கமாட்டீர்கள், பெருமைக்குச் சொல்லவில்லை. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும், சரி, குடிக்கிறேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், இங்கேயா? போட்டாயிற்று. இப்போது அவளை உள்ளே வரச்சொல்லுங்கள்.

யாருமில்லையா? நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள், நீலச் சேலை, ஒல்லியாக இருப்பாள். நான் உள்ளே நுழைந்ததுமே எழுந்து போய்விட்டாளா. கையில் பெரிய பை வைத்திருந்தாளா. பஸ் நிலையத்துக்கு எப்படிப் போவது என்று வாசலில் இருந்தவரிடம் கேட்டாளா.

தண்ணீர் குடிக்கப் போயிருப்பாள் ஐயா. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், வந்துவிடுவாள். உங்களுக்கு என் பாப்பாவைத் தெரியாது. என்னை விட்டுவிட்டு அவளால் ஒருநாள்கூட இருக்க முடியாது, அதனால்தானே நான் இதைச் செய்ததே.