இருபது நிமிஷ மாத்திரை

...இல்ல, நீங்களே சொல்லுங்க சார், பத்து நாள் மாத்திரை போட்டும் வாயில இருக்கற வெள்ளைப் படலம் போகலன்னா மாத்திரையைச் சந்தேகப்படாம யாரைச் சந்தேகப்படறது? அதான் காலையில இந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததும் மருந்து குடுக்கற அம்மாகிட்ட சத்தம் போட்டேன். டூப்ளிகேட் மருந்துன்னு சொல்லிட்டேன். வாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.

எச்.ஐ.வி. மாத்திரையை நாலு மாசமா ஒரு நாள் விட்டதில்ல. அதுல நான் கெட்டி. ஆனா அது வேலை செஞ்சு உடம்பு தேறி வர்றதுக்குள்ள கண்ட பூஞ்சையும் வந்து உக்காந்துக்குது. நான் வீட்டு புரோக்கர் சார். முப்பது வருஷமா ஊருக்கே வீடு பிடிச்சுக் குடுத்தேன், கடைசில என் வாயையே வாடகைக்கு விட்டுட்டேன். அட்வான்ஸ்கூட வரல.

என் பொண்ணு எல்லாத்தையும் கொழைய வேக வெச்சு, ஆறவெச்சுக் கொண்டாந்து வெப்பா. நாக்குல பட்டாலே எரியும், ரெண்டு வாய்க்கு மேல முடியாது, தட்டைத் தள்ளிடுவேன். நேத்து கேட்டுட்டா, "என் சமையல் பிடிக்கலன்னா சொல்லிடுங்கப்பா"ன்னு. ஊருக்கெல்லாம் பேசற வாய், பெத்த பொண்ணுகிட்ட 'உன் சமையல் இல்லம்மா, என் வாய்தான்'னு சொல்ல வரல. அழுகைதான் வந்துச்சு.

இப்ப டாக்டரம்மா டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. இந்தப் பூஞ்சை உணவுக்குழாய்க்கு இறங்கினா அட்மிட் ஆகணும்னாங்க. அப்புறம், "பூஞ்சை மாத்திரையை எப்படிப் போடறீங்க?"ன்னாங்க. எப்படின்னா? கடிச்சு முழுங்கிட்டு வேலையைப் பாப்பேன். தலையில அடிச்சுக்கிட்டாங்க. அது வாயிலயே வெச்சுக் கரைக்கறதாம். இருபது நிமிஷம். பேசாம. தெனம் அஞ்சு தடவை.

முன்னாடியே சொல்லலையான்னா... சொன்னாங்க. அந்த மருந்து குடுக்கற அம்மா ரெண்டு தரம் சொன்னாங்க. நான்தான் நடுநடுவுல பேசிட்டிருந்தேன்.

ஆனா காதுல விழாம இல்ல, வீட்ல வாயில வெச்சும் பாத்தேன் சார், பொய் சொல்லல. மூணு நிமிஷம் தாக்குப்பிடிச்சேன். வாயை மூடிட்டு உக்காந்தா பயமா இருக்கு. இந்தப் பொண்ணைத் தனியா விட்டுட்டுப் போயிடுவேனோன்னு தோணும். உடனே கடிச்சு முழுங்கிட்டு யாருக்காவது போன் போட்டுடுவேன்.

என்ன சார், கன்னத்தைத் தொட்டுக் காட்றீங்க? உங்க வாயிலயும் அதே மாத்திரையா? அதான் இவ்வளவு நேரம் ஒரு வார்த்தை பேசலையா... நான் பாருங்க, என் பேச்சுல சொக்கிப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்.

கரைஞ்சிடுச்சா? அப்ப எழுந்துக்காதீங்க. இதோ, நான் ஒண்ணு வெச்சுக்கப் போறேன். இருபது நிமிஷம் நீங்க பேசுங்க சார். எதையாவது பேசுங்க. நடுவுல மட்டும் நிறுத்திடாதீங்க.