முன் டயரில் காற்று நிற்கவில்லை

இளமாறன்: அந்த சோப்புத் தண்ணிய இன்னும் கொஞ்சம் ஊத்து எழிலு. ரிம்மு ஓரமா... ஆங், அப்படியே சக்கரத்த சுத்து.

எழில்மதி: சுத்திக்கினுதான மாமா இருக்கேன். எங்கயும் நொர வரல.

இளமாறன்: அவசரப்படாத. சின்ன ஓட்டையா இருந்தா மெதுவாதான் வரும்.

எழில்மதி: மூணு நாளா இதையேதான் சொல்ற.

இளமாறன்: மூணு நாளா காலைல எழுந்தா முன் டயரு சப்பையா கெடக்குது. நான் இன்னா பண்ண?

எழில்மதி: பெரிய டிராக்டர் மெக்கானிக்குன்னு ஊரே சொல்லுது. கட்டுன பொண்டாட்டி சைக்கிள்ல காத்து நிக்க வைக்க முடியல.

இளமாறன்: டிராக்டருன்னா உள்ள டியூப்பு இருக்கும்டி. உருவி தண்ணில அமுக்குனா ஓட்ட எங்கன்னு தெரிஞ்சிரும். உன்னுது கிராவல் ரோட்டுல ஓட்டுற சைக்கிளு, டியூப்பே கெடையாது. டயரும் ரிம்மும் கவ்விக்கினு காத்த புடிச்சி வைக்கணும். எந்த எடத்துல வுடுதுன்னு ஒவ்வொண்ணாதான் பாக்கணும்.

எழில்மதி: உள்ள வெள்ளையா பாலு மாதிரி ஊத்தினியே... அதுவே ஓட்டைய அடச்சிக்கும்னு சொன்ன.

இளமாறன்: அது காஞ்சிப் போச்சோ இன்னாவோ. சக்கரத்த காதுகிட்ட வச்சி ஆட்டு. கேக்குதா?

எழில்மதி: சளக் சளக்குனு கேக்குது.

இளமாறன்: அப்ப பாலு இருக்குது. முள்ளு கிள்ளு குத்தியிருந்தா அதுவே அடச்சிருக்கும். ரிம்முல ஸ்போக்ஸ் கம்பி ஏறுற ஓட்டைங்க கிட்ட நொர வருதா பாரு.

எழில்மதி: இல்ல.

இளமாறன்: ரிம்மு மேல ஒட்டுன டேப்பும் நல்லாத்தான் இருக்குது. அது கிழிஞ்சிருந்தா காத்து அந்த ஓட்டைங்க வழியா வந்துரும். சரி, வால்வுகிட்ட ஊத்து.

எழில்மதி: வால்வுல ஒண்ணும் இல்ல.

இளமாறன்: நீ ஊத்தவே இல்லியே. அதுக்குள்ள சொல்ற.

எழில்மதி: பாத்தேன் மாமா. மணி ஆறே கால் ஆவுது. ஏழு மணிக்கு கச்சிராயபாளையத்துலேர்ந்து எல்லாம் கெளம்பிடுவாங்க. கூட ஓட்ட வர்ற ரம்யா ரெண்டு வாட்டி போன் பண்ணிட்டா.

இளமாறன்: வெள்ளிமல வரைக்குமா ஏறுறீங்க?

எழில்மதி: ஆமா. ஏறிட்டு, கொஞ்ச தூரம் மண் ரோட்டுல ஓட்டிட்டு எறங்குறோம்.

இளமாறன்: அந்த வளைவு வழியாவா?

எழில்மதி: எறங்க வேற வழி ஏது...

இளமாறன்: தோளு எப்பிடி இருக்குது?

எழில்மதி: நல்லாருக்குது. டாக்டரே ஓட்டலாம்னு சொல்லிட்டாரு.

இளமாறன்: பொரண்டு படுத்தா முனவுற.

எழில்மதி: தூக்கத்துல எல்லாரும்தான் முனவுவாங்க. நீ டயர பாரு.

இளமாறன்: டயரத்தான் பாத்துக்கினு இருக்கேன். நேத்து இத கழட்டி பட்டறைக்கு எடுத்துக்கினு போனேன் இல்ல? காலைல நாப்பது பாயின்ட்டு காத்து அடிச்சி ஆணில மாட்டிட்டேன். சாயங்காலம் அளந்தா அதே நாப்பது. ஒண்ணு கூட கொறயல.

எழில்மதி: ம்.

இளமாறன்: வூட்டுக்கு வந்து சைக்கிள்ல மாட்டுனேன். காலைல சப்ப. பட்டறைல நிக்கிற காத்து வூட்டுல எறங்குது. இது இன்னா கணக்கு?

எழில்மதி: பட்டறைல வெயிலு. இங்க குளிரு. காத்து சுருங்கியிருக்கும்.

இளமாறன்: பங்குனி மாசத்துல குளிரா? நீ பி.டி. டீச்சரு எழிலு. சயின்சு டீச்சரு மாதிரி பேசாத.

எழில்மதி: சிரிப்பு வரல.

இளமாறன்: எனக்கும்தான்... ஒண்ணு சொன்னா கோச்சிக்க கூடாது.

எழில்மதி: சொல்லு.

இளமாறன்: மொதல்ல கோச்சிக்க மாட்டேன்னு சொல்லு.

எழில்மதி: நேரமாவுது மாமா.

இளமாறன்: வியாழக்கெழம ராத்திரி... வால்வ தெறந்து காத்த வுட்டது நான்தான்.

எழில்மதி: நீயா?

இளமாறன்: திட்டு.

எழில்மதி: எதுக்கு அப்பிடி பண்ண?

இளமாறன்: எதுக்குன்னா கேக்குற? போன ஆவணில அந்த வளைவுல நீ வுழுந்தப்ப பின்னாடியே வண்டில வந்தது நான்தான. தூக்குனா கை அது பாட்டுக்கு தொங்குது. அந்த வழியா வந்த ஜீப்புல மடில போட்டுக்கினு எறங்குனேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் சட்டய கடிச்ச. ஏழு மாசமாவுது, எனக்கு அந்த வளைவு மட்டும் கண்ண வுட்டு போவல.

எழில்மதி: போவாதன்னு சொல்லியிருக்கலாம் இல்ல?

இளமாறன்: எப்பிடி சொல்லுவேன்? உன்ன மலைக்கு கூட்டினு போயி ஓட்ட வச்சதே நான்தான். இப்ப நானே போவாதன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?

எழில்மதி: அதுக்குன்னு திருட்டுத்தனமா...

இளமாறன்: தப்புதான். காலைல எழுந்து ஓட்டிப் பாக்கலாம்னு வந்த நீ, சப்ப டயர பாத்துக்கினு அப்பிடியே நின்ன. உன் மூஞ்சிய பாக்க முடியல. இனி தொடவே கூடாதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். சத்தியமா அந்த ஒரு நாளுதான்.

எழில்மதி: ஒரு நாளுதானா...

இளமாறன்: அதான் எனக்கு மண்ட காயுது. நேத்தும் இன்னிக்கும் நான் கைய வைக்கல. நான் தெறந்து வுட்டதுல வால்வு கெட்டுப் போச்சோ, மலைல பாதி வழில காத்து எறங்கி நீ மறுபடியும் வுழுந்துட்டா இன்னா பண்றதுன்னு... நேத்துலேர்ந்து சோறு எறங்கல. அதான் பட்டறைக்கு தூக்கினு போயி பாத்தேன்.

எழில்மதி: மாமா...

இளமாறன்: இரு, டயர கழட்டி வால்வும் டேப்பும் புதுசா போட்டுடறேன். ஒரு மணி நேரம் ஆவும். ரம்யாவ முன்னாடி போவ சொல்லு. உன்னையும் சைக்கிளையும் பட்டறை வண்டில ஏத்தினு போயி...

எழில்மதி: கழட்டாத. வால்வு நல்லாருக்குது. டேப்பு நல்லாருக்குது. எல்லாம் நல்லாத்தான் இருக்குது.

இளமாறன்: உனக்கு எப்பிடி தெரியும்?

எழில்மதி: அன்னிக்கு சப்ப டயர பாத்துக்கினு நின்னேனே... எனக்கு வருத்தம் இல்ல மாமா. அப்பாடான்னு இருந்திச்சி. ஸ்கூல்ல புள்ளைங்ககிட்ட மல ஏறப்போறேன்னு சொல்லிட்டேன். ரம்யாகிட்ட சொல்லிட்டேன். உன்கிட்டயும் வீராப்பா சொல்லிட்டேன். பயமா இருக்குதுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்ல முடியல... நேத்தும் இன்னிக்கும் காத்த வுட்டது நான்தான்.